பாழ் என்று எழுதப்பட்ட மணல்

இரண்டு வருஷங்களுக்கு முன்பு ஒரு சிறுபத்திரிகையில் புதுக்கவிதையில் மணல் என்கிற படிமம் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். மணல் வெறுமையின் உருவம், நினைவு தங்காத பரப்பு, சரித்திரம் நுழைய முடியாத இடம் என்று அதில் ஒரு வாக்கியம் வரும். அந்த வாக்கியத்தைப் பாராட்டி நண்பர்கள் இருவர் கடிதம் போட்டார்கள். நான் எழுதுவதைச் சாதாரணமாகப் படிக்காத என் மனைவி, எதனாலோ, அதைப் படித்துவிட்டாள். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. போன வருஷம் எனக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் கிளையொன்றுக்கு மாற்றலாயிற்று. ஆடி மாதம் இரண்டாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. காலையில் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டே, "தேரிக்குப் போயிட்டு வருவமா?" என்று கேட்டாள்.

"இந்தக் காத்துலயா?"

"காத்துலதான் போகணும்."

அவளுடைய அம்மாவைப் பெற்ற தாத்தாவின் ஊர் குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் இருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் அங்கே போனதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு நாளையும், அதற்குப் பின் நான் தேடிப் படித்தவற்றையும் பற்றியது. என் பழைய வாக்கியத்தை வாபஸ் வாங்கிக்கொள்வது இதன் நோக்கங்களில் ஒன்று.

திருச்செந்தூரிலிருந்து மேற்கே சில மைல் போனால் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. கடற்கரையின் வெளிர்மணலுக்கு இவ்வளவு அருகில் இப்படி ஒரு சிவப்பை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். சுமார் 12,000 ஏக்கர், மேடும் பள்ளமுமாக. கையில் அள்ளிப் பார்த்தால் அதுவும் மணல்தான். ஒவ்வொரு மணியின் மேலும் இரும்புத் துரு மெல்லிய தோலாகப் படிந்திருக்கிறது, அவ்வளவே. இந்தத் தோல் உண்டாக ஆயிரக்கணக்கான வருஷங்கள் வேண்டும். அதாவது, நிறமே ஒரு காலக்கணக்கு. மணல் மணி கடைசியாக வெயில் பட்ட காலத்தைக் கணிக்கும் முறை வந்த பிறகு, இந்தக் குன்றுகளில் பெரும்பகுதி பனியுகத்தின் முடிவையொட்டிக் குவியத் தொடங்கியது என்று தெரிந்திருக்கிறது.

காற்றுக்கும் பூகோளம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக ஈரமில்லாமல், நெருக்கித் தள்ளப்பட்ட வேகத்தோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. வைகாசியிலிருந்து ஆவணி முடியும்வரை இதே கதை. கரையிலுள்ளவர்கள் கச்சான் என்பார்கள். ஆடிக்காற்றில் அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்ட இடத்தில் அது நிற்க மறுத்தது. ஓர் உடைமரத்தில் சாய்த்துவிட்டு ஏறினோம்.

ஏறினோம் என்று எழுதுவது சுலபம். ஓரடி வைத்தால் முக்காலடி பின்னால் வந்துவிடுகிறது. கணுக்காலில் மணல் ஊசியாகக் குத்துகிறது. கண்ணைத் திறந்தால் உறுத்துகிறது, வாயைத் திறந்தால் பல்லில் நறநறக்கிறது. அவள் முந்தானையைத் தலையோடு சுற்றிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, காற்றுக்கு முகம் காட்டாமல் தோளைக் காட்டி, சாய்வாக நடந்தாள். நான் நேராக நடந்து இரண்டு தடவை உட்கார்ந்தேன். எங்களுக்குள் பேச்சு நடக்கவில்லை. பேசினால் கேட்காது. ஆறு வருஷத்தில் அவ்வளவு நேரம் பேசாமல், அதே சமயம் கோபமில்லாமல், நாங்கள் சேர்ந்திருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மேட்டின் மறுபக்கச் சரிவில் காற்று சட்டென்று அறுந்துவிடுகிறது. அங்கே உட்கார்ந்தோம். கீழே பனைகள். முன்வரிசைப் பனைகள் இடுப்பளவு மணலில் நின்றன, அதற்கடுத்தவை கழுத்தளவு, ஒன்றிரண்டு மரங்களின் கொண்டை மட்டும் தரையில் வைத்ததுபோல் தெரிந்தது. எல்லாம் உயிரோடிருந்தன.

"அதுதான் தாத்தா விளை" என்றாள். "மண்ணு பாதி மரம் ஏறிட்டுது, மிச்சத்தை நான் ஏறுனாப் போதும்னு சொல்லிச் சிரிப்பாராம்."

பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "மணல்ல ஒண்ணுமில்லன்னு எழுதியிருந்தீங்க. இதுலதான் ஆறு புள்ளைய வளத்தாரு. அவரு தம்பி இதே மாதிரி ஒரு ஆடியிலதான் மரத்துலருந்து விழுந்தாரு. விடிலிக்குள்ள தூக்கிட்டு வந்து போட்டாங்க. அடுப்புல பதநீ கொதிச்சிட்டிருந்துச்சாம். அதை இறக்கிவச்சிட்டுத்தான் பாட்டி அழுதாளாம்."

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை.

இந்தத் தேரிகளைப் பற்றி எழுதப்பட்ட சரித்திரம் ஒரு வகையில் என் வாக்கியத்தின் சரித்திரமும்தான். 1838-ல் சென்னையில் வந்திறங்கிய கால்டுவெல் 1841-ல் தேரிக்காட்டு ஓரத்திலுள்ள இடையன்குடியை அடைந்தார். அந்த ஊரின் தெருக்களை நேராக்கினார், கிணறு வெட்டினார், மரம் வைத்தார். 1847-ல் தொடங்கிய தேவாலயம் 1880-ல்தான் முடிந்தது. நமக்கெல்லாம் அவரைத் தெரிவித்த ஒப்பிலக்கணம் 1856-ல் வெளிவந்தது. இந்த மணற்காற்றுக்கு நடுவிலிருந்துதான் அதற்கு உழைத்தார். அதற்கும் ஏழு வருஷம் முன்பு, 1849-ல், இந்தப் பனங்காட்டு மக்களைப் பற்றி அவர் ஒரு சிறு புத்தகம் போட்டார். பனையையும் மணலையும் உன்னிப்பாகக் கவனித்த அதே கண், பனையேறிய மனிதர்களை மேலிருந்து பார்த்தது. அந்தப் புத்தகம் உண்டாக்கிய புண் பல பத்தாண்டுகள் ஆறவில்லை. அந்த மக்களிலிருந்தே எழுந்த அருமைநாயகம் சட்டம்பிள்ளை மிஷனை விட்டு விலகி, 1857-ல், நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் தனிச்சபையே கண்டார். இரண்டும் இந்தத் தேரிகளின் ஓரத்தில் நடந்தவை. சரித்திரம் நுழைய முடியாத இடம் என்று நான் எழுதியது இதைத்தான்.

கால்டுவெல்லின் மனைவி எலைசா நாகர்கோவில் மிஷனரியான மால்ட்டின் மகள். தமிழ்ப் பேச்சுக்கு நடுவில் வளர்ந்தவர். இடையன்குடியில் பெண்களுக்குப் பள்ளியும், கையால் சரிகைப்பின்னல் போடும் தொழிலும் அவரால் வந்தன. கணவர் மொழியின் இலக்கணத்தை எழுதினார். மனைவிக்கு மொழி முன்பே வாயில் இருந்தது. தேரியிலிருந்து திரும்பிய இரவு இந்தத் தம்பதியை நான் நினைத்துக்கொண்டதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மிஷனரிகளின் எழுத்தில் மணல் 'வனாந்தரம்'. அவர்கள் கைபட்ட பிறகு அது தோட்டம். மெய்ஞ்ஞானபுரத்தில் 1830-களின் இறுதியில் குடியேறிய ஜான் தாமஸ் கிணறு வெட்டிப் பசுமையாக்கியது உண்மைதான். ஆனால் தண்ணீரை அவர் கொண்டுவரவில்லை, அது கீழே இருந்தது. தேரி, பெய்த மழையை ஓடவிடாமல் குடித்து, அடிவாரத்தில் சுனையாகக் கசியவிடுகிற மண். திருச்செந்தூருக்குப் பக்கத்தில் மேலப்புதுக்குடியில் உள்ள சாமியின் பெயரே அருஞ்சுனை காத்த அய்யனார். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தாம் சாமிக்கு அப்படிப் பெயர் வைத்திருக்க முடியும்.

ரெவின்யூ பாஷையில் இதே மணல் 'தரிசு'. 1879-ல் ஸ்டூவர்ட் எழுதிய திருநெல்வேலி மாவட்டக் கையேட்டிலும், 1917-ல் பேட் எழுதிய கெசட்டியரிலும் தேரிக்கு இடமுண்டு. அந்தப் பார்வையில் அது நகர்ந்து வந்து வயலைத் தின்கிற ஒன்று, மரம் நட்டுக் கட்டிப்போட வேண்டிய ஒன்று. நகர்கிறது என்பது பொய்யல்ல, தாத்தாவின் விளையை நானே பார்த்தேன். ஆனால் ஓலைப்படல் கட்டி, பனங்கொட்டை ஊன்றி, மணலோடு பேரம் பேசி வாழ்ந்த வாழ்க்கைக்கு அந்தக் கணக்கில் பத்தி கிடையாது. தினமும் பேரேட்டில் பத்திகளை நிரப்புகிறவன் என்ற முறையில் இது எனக்குப் புரிகிறது. பத்தி இல்லாதது இல்லாததாகிவிடும்.

பிறகு புவியியலாளர் வந்தார். ப்ரூஸ் ஃபூட் 1883-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதியபோது தேரிகளை விரிவாகப் பதிவு செய்தார். 1945-ல் அய்யப்பன் சாயர்புரம் தேரியில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி எழுதினார். 1956-ல் ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் இந்தத் தேரித் தலங்களை ஒரு தொகுப்பாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். குவார்ட்ஸிலும் செர்ட் கல்லிலும் உடைத்துச் செய்த, விரல்நுனி அளவேயான கருவிகள். கடல் மட்டம் இன்றைக்கு மேலே நின்ற ஒரு காலத்தில், மீனையும் வேட்டையையும் நம்பி மனிதர்கள் இந்த மேடுகளில் தங்கினார்கள், சுமார் கி.மு. 4000 என்பது அவர்களின் கணிப்பு. மணலின் சிவப்பு அந்தக் கற்களிலும் ஏறியிருந்தது. காற்று மேல்மணலை அள்ளிக்கொண்டு போகும்போதுதான் அவை வெளியே வருகின்றன. நினைவு தங்காத பரப்பு என்று நான் சொன்னது ஆறாயிரம் வருஷ நினைவை வைத்திருந்து, ஆடிக்கு ஆடி கொஞ்சம் காட்டுகிறது.

சரிவில் உட்கார்ந்திருந்தபோது என் காலடியில் ஒரு வெள்ளைச் சில்லு கிடந்தது. ஒரு விளிம்பு கூராக இருந்தது. கருவிதானா, வெறும் கல்லா, சொல்லக்கூடிய படிப்பு எனக்கில்லை. "சின்னப்புள்ளையில இதைப் பொறுக்கித்தான் கல்லாங்காய் ஆடுவோம்" என்றாள். நான் அதைச் சட்டைப்பையில் போடப் போனேன்.

"எடுத்துட்டுப் போயி என்ன செய்யப்போறீங்க? இன்னொரு கட்டுரையா?"

கீழே வைத்துவிட்டேன்.

இதை அத்தோடு விட்டுவிடலாம். ஆனால் 2007-ஐ விட முடியாது. டைட்டானியத்துக்காகச் சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரி நிலங்களை எடுக்க ஒரு பெருந்திட்டம் அந்த வருஷம் பெரிய விவகாரமாயிற்று. ஊர்கள் எதிர்த்தன, திட்டம் நடக்கவில்லை. அப்போது திட்டத்தின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்ட வாதம்: அது வெறும் தேரி, ஒன்றுக்கும் ஆகாத நிலம். மிஷனரியின் வனாந்தரம், தாலுகா கச்சேரியின் தரிசு, தொழிற்சாலையின் ஒன்றுக்கும் ஆகாத நிலம், விமர்சகனின் வெறுமை. நான்கும் ஒரே சொல்லின் நான்கு உச்சரிப்புகள். நான் எழுதியது யாருடைய விளையையும் பிடுங்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஓர் இடத்தில் ஒன்றுமில்லை என்று முதலில் சொல்லப்பட்ட பிறகுதான் அங்கே எதையும் செய்ய முடிகிறது.

இது எங்கிருந்து எனக்கு வந்தது என்று யோசித்தேன். பி.ஏ. இங்கிலீஷ் வகுப்பில் எலியட்டின் பாழ்நிலம் வந்தது. 1922-ன் ஐரோப்பாவுக்கு அந்தப் பாழ் உண்மையானது, ஒரு யுத்தத்தின் விலை அதில் இருந்தது. 1959-ல் 'எழுத்து' தொடங்கிய பிறகு இங்கே புதுக்கவிதை வளர்ந்தபோது அந்தப் பாழும் கூடவே வந்தது. அதற்கு நாம் பாலை என்று பழைய பெயர் கொடுத்து, நம்முடையதாக்கிவிட்டதாகத் திருப்திப்பட்டோம். ஆனால் சிலப்பதிகாரம் பாலையைத் தனி நிலமாகச் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் தம் இயல்பு கெட்டு எடுக்கும் வடிவம் என்கிறது. பாலைக்கும் தெய்வம், மக்கள், மரம், பறவை, தொழில் எல்லாவற்றையும் இலக்கணம் தந்திருக்கிறது. நாம் உரிப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு கருப்பொருளைத் தள்ளிவிட்டோம். பிரிவு நின்றது, பிரிந்து போனவன் என்ன வேலைக்குப் போனான் என்பது போய்விட்டது. நம் கவிதைகளில் மணல் இருக்கிறது, விடிலி இல்லை. இது பாடுபொருள் பற்றிய புகார் அல்ல. விடிலியை எழுது என்று கவிஞனுக்கு உத்தரவு போட நான் யாருமில்லை. ஆனால் எதைப் பார்க்காமல் ஒரு படிமம் கிடைத்தது என்று கேட்பது விமர்சகனின் வேலை. அந்தக் கேள்வியை நான் என் கட்டுரையிடம் கேட்கவில்லை.

இறங்கும்போது அவள் முன்னால் போனாள். அவள் கால் வைத்த இடத்தில் நானும் வைத்துக்கொண்டு போகலாம் என்று பார்த்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் தடம் நிரம்பிவிட்டது. பிறகு தடத்தை விட்டுவிட்டு, அவளைப் போலத் தோளைக் காட்டி, சாய்வாக நடந்து பார்த்தேன். கொஞ்சம் வந்தது.

கீழே விளையின் ஓரத்தில் ஒரு பெரியவர் படலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவளை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அவள் பாட்டியின் பெயரைச் சொல்லி, "அவ பேத்தியாட்டீ?" என்றார். அவள் தலையாட்டினாள். என்னை யாரென்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர். பேங்கில வேலை" என்றாள். எழுதுவேன் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. படலின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் கட்டி முடிக்கும்வரை இருவரும் பிடித்துக்கொண்டு நின்றோம்.