ராணுவச் சுவரை ஒட்டிய திடல்

சிற்றூர்களின் வரலாற்றைப் பெரும்பாலும் வெளியாரே எழுதிவிடுகிறார்கள். வட அயர்லாந்தில், எல்லைக்கோட்டிற்கு மிக அருகே, தெற்கு ஆர்மாவில் இருக்கும் கிராஸ்மக்லென் அதற்கோர் உதாரணம். 1970களில் பிரித்தானிய அமைச்சர் மெர்லின் ரீஸ் அப்பகுதிக்குச் சூட்டிய 'கொள்ளையர் பூமி' என்ற பெயரே உலகச் செய்தித்தாள்களில் நிலைத்தது. அவ்வூர் தனக்கென வேறொரு பெயரை ஈட்டிக்கொண்ட 1996-97 பருவத்தையே இங்கு நாம் நினைவுகூர்கிறோம்.

கேலிக் கால்பந்தில் அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையாலும் காலாலும் ஆடலாம். அன்றைய விதிப்படி, குறுக்குக் கட்டைக்கு மேலே சென்றால் ஒரு புள்ளி. வலைக்குள் சென்றால் கோல், அதாவது மூன்று புள்ளிகள். ஆடுவோருக்கு ஊதியமில்லை. கழகம் என்பது பெரும்பாலும் ஒரு பங்கின் மக்கள். அவரவர் தத்தம் ஊருக்கே ஆடுவர். 1884இல் தர்லஸ் நகரில் பிறந்த கேலிக் அத்லெட்டிக் சங்கம் 1921இன் பிரிவினையை ஏற்காமல், தீவு முழுவதையும் ஒரே களமாகவே கருதிவந்தது. 1970-71இல் தொடங்கிய அகில அயர்லாந்துக் கழகப் போட்டியும் அவ்வாறே.

கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ் 1887இல் தோன்றிய கழகம். 1970களின் தொடக்கத்தில் அதன் திடலில் ஒரு பகுதியைப் பிரித்தானிய ராணுவம் எடுத்துக்கொண்டு முகாம் அமைத்தது. திடலின் மேலாக ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து இறங்கின. கண்காணிப்புக் கோபுரத்தின் பார்வையிலேயே சிறுவர்கள் ஆடப் பழகினார்கள். நிலத்தை மீட்கக் கழகம் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

வேலி ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். வட அயர்லாந்துக் காவல்துறையினரும் பிரித்தானிய ராணுவத்தினரும் உறுப்பினராகக் கூடாது என்ற சங்கத்தின் 21ஆம் விதி 2001 வரை நீடித்தது.

அப்பருவம் அமைதியானதன்று. ஐ.ஆர்.ஏ.வின் போர்நிறுத்தம் 1996 பிப்ரவரியில் முறிந்து, 1997 ஜூலையில்தான் மீண்டது. 1997 பிப்ரவரியில் தெற்கு ஆர்மாவின் பெஸ்புரூக்கில் ஒரு பிரித்தானியச் சிப்பாய் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த மாதம், புனித பேட்ரிக் திருநாளான மார்ச் 17 அன்று, டப்ளின் குரோக் பார்க்கில் கிராஸ்மக்லென் களமிறங்கியது. அல்ஸ்டர் மாகாணப் பட்டத்தை முதன்முறையாக வென்று அங்கு வந்திருந்த அணி அது. பயிற்றுநர் ஜோ கெர்னன், 1977 அகில அயர்லாந்து இறுதியில் தோற்ற ஆர்மா அணியில் ஆடியவர். ஜிம், ஜான், ஓஷீன் என மெக்கான்வில் சகோதரர் மூவர் ஒரே அணியில் இருந்தனர். மேயோ மாவட்டத்தின் நாக்மோர் கழகத்தை அவர்கள் 2-13க்கு 0-11 என வென்றார்கள். புள்ளிக் கணக்கில் 19க்கு 11.

அவ்வெற்றியால் முகாம் அகன்றுவிடவில்லை. கோப்பையோடு ஊர் திரும்பியவர்கள் அதே சுவருக்கு அருகில்தான் மறுபடியும் பயிற்சி செய்தார்கள். 1999லும் 2000லும் மீண்டும் பட்டம் வென்றார்கள். இடையே, 1998இல் பெருவெள்ளி உடன்படிக்கை கையெழுத்தானது. கெர்னனின் பயிற்சியில் ஆர்மா மாவட்ட அணி 2002இல் முதன்முறையாக அகில அயர்லாந்துப் பட்டம் பெற்றது. வட அயர்லாந்தில் பிரித்தானிய ராணுவ நடவடிக்கை 2007இல் முடிவுற்றது. அவ்வாண்டே ரேஞ்சர்ஸ் நான்காம் முறை வென்றது.

முகாமில் இருந்த சிப்பாய்கள் சில மாதங்களுக்கொருமுறை மாறிக்கொண்டிருந்தார்கள். திடலில் ஆடியவர்களுக்கோ போவதற்கு வேறு ஊர் இல்லை. அவர்களது ஆட்டத்தின் பிடிவாதத்தை இங்கிருந்துதான் நாம் புரிந்துகொள்ள முடியும்.