திருவொற்றியூர் வழக்கும் நடுவர் தேர்வும்

அமெரிக்க நாட்டு மாநிலங்கள் பலவற்றில் முதல்நிலை நீதிமன்ற நடுவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். மிசிசிப்பி மாநிலம் 1832ஆம் ஆண்டிலேயே தன் நடுவர் அனைவரையும் இம்முறைக்கு உட்படுத்தியது. நம் நாட்டிலோ மாவட்ட நடுவரை, அரசியலமைப்பின் 233ஆம் உறுப்பின்படி, உயர்நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் அமர்த்துகின்றார். குடவோலையால் நடுவரைத் தேர்ந்தவர் பழந்தமிழர் என்று பெருமிதத்தோடு கூறுவாரும் உளர். அதற்குக் கல்வெட்டுச் சான்று எத்துணை உண்டு என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (கி. பி. 919, 921) வாரியங்கள் அமைந்த முறையை விரித்துரைக்கின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். இரண்டாம் கல்வெட்டின்படி, 35 முதல் 70 வரை அகவையும், கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையில் வீடும் வேண்டும். கணக்குக் காட்டாதார் விலக்கப்பட்டனர். இது வாக்கெடுப்பன்று, திருவுளச்சீட்டே. 'தன்மகிருத்தியம் கடைக்காணும் வாரியர்' என்னும் தொடரை நீதி வாரியம் எனக் கொண்டாரும் உளர். ஆயின் தன்மகிருத்தியம் என்பது அறச்செயல் என்றே பொருள்படும். அவர்க்கு அங்குச் சுட்டப்படும் பணியும் சபையைக் கூட்டி அடுத்த வாரியந் தேர்விப்பதேயாம்.

வழக்குகள் உண்மையில் எவ்வாறு ஆராயப்பட்டன என்பதற்குச் சென்னையின் வடபாலுள்ள திருவொற்றியூர்க் கோயிற் கல்வெட்டுக்கள் பிற்காலச் சான்றொன்று தருகின்றன. 14ஆம் நூற்றாண்டில், கோயிற்பணி முறைமை பற்றி இடபத்தளியிலார்க்கும் தேவரடியார்க்கும் பிணக்கு எழுந்தது. சம்புவராயன் இராசநாராயணன் காலத்தில் தீர்க்கப்பட்டும் அஃது ஓயவில்லை. விசயநகரக் கம்பணர் ஆட்சியில் அரசு அதிகாரி முன்னிலையில், வியாகரணதான மண்டபத்தில், உருத்திரரும் மாகேசுவரரும் இருதிறத்தாரும் கூடி மீண்டும் ஆராய்ந்தனர்.

ஈண்டுக் குடமும் இல்லை, ஓலையும் இல்லை. அதிகாரி அரசனால் வந்தவர். ஏனையோர் கோயிலோடு தமக்குள்ள உரிமையால் அமர்ந்தவர். எனினும் வழக்குடையாரும் அவையில் இருந்தனர். முன்னைத் தீர்ப்பு நிலைபெறாமை, ஆணை ஒன்றே போதாது, இசைவும் வேண்டும் என்பதை உணர்த்துகின்றது.

ஆகவே, நடுவர் தேர்தல் நம் கல்வெட்டுக்களில் உண்டெனல் சான்றின் எல்லையைக் கடந்த கூற்றாம். வழக்குடையாரையும் உடனிருத்தி அவை ஆராய்ந்தமைக்கோ திருவொற்றியூர்க் கல்லே சான்று. இல்லாத பெருமையை ஏற்றியுரைத்தலினும் உள்ள சிறப்பை உள்ளவாறு காட்டுதலே ஆராய்ச்சியாளர் கடன் என்க.