அங்கே வில்லன், இங்கே விருந்தாளி

மார்ச் 20 சிட்டுக்குருவி தினத்தையொட்டி நம் குடியிருப்பில் பலர் பால்கனியில் மரக்கூடு மாட்டியிருக்கிறீர்கள். மாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், இதே வேலையைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பெரிய அளவில் தொடங்கிய அமெரிக்கர்களின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அந்தக் கதையின் வில்லன் யார் தெரியுமா? நம் சிட்டுக்குருவியேதான்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் புளூபேர்டு என்றொரு பறவை உண்டு. முதுகு நீலம், மார்பு செம்பழுப்பு. மரத்தைக் குடையும் வலு அதன் அலகுக்குக் கிடையாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்து, பட்ட மரம், வயல் வேலியில் உளுத்துப்போன மரக்கம்பம், இவைதான் அதற்கு வீடு. 1850களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த சிட்டுக்குருவிகளை நியூயார்க்கின் புரூக்ளினில் பறக்கவிட்டார்கள். 1890இல் சென்ட்ரல் பூங்காவில் ஸ்டார்லிங் வந்தது. அது நம் மைனாவுக்கு உறவு. இரண்டுமே பொந்து தேடும் பறவைகள். அதிலும் சிட்டுக்குருவி முட்டையை உடைக்கும், குஞ்சைக் கொல்லும், சில சமயம் தாயையும் கொத்திக் கொன்று அதன் மேலேயே கூடு கட்டும். போதாக்குறைக்கு வேலிக்கம்பங்கள் இரும்பாயின. புளூபேர்டு குறைந்துகொண்டே போனது.

1934இல் இல்லினாய் மாநிலத்தின் குவின்சி பகுதியில் டி.ஈ. மஸ்ஸல்மன் என்பவர் கிராமச் சாலையோரமாக வரிசையாகப் பெட்டிகளை மாட்டத் தொடங்கினார். பிற்பாடு மேரிலாந்தில் லாரன்ஸ் ஸெலனி, வேளாண் துறையில் உயிர்வேதியியலாளராக இருந்து ஓய்வு பெற்றபின், அதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டார். 1976இல் அவர் எழுதிய புத்தகம் பலரைத் தூண்டியது. 1978இல் வட அமெரிக்க புளூபேர்டு சங்கம் உருவாயிற்று.

அவர்கள் பெட்டியோடு நிற்கவில்லை. வாசல் ஒன்றரை அங்குலம், ஸ்டார்லிங் நுழையாது. வெளியே உட்காரக் குச்சி வைக்கக் கூடாது. அது சிட்டுக்குருவிக்குத்தான் வசதி. வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, சிட்டுக்குருவி கட்டிய கூட்டை எடுத்துப் போட்டு, முட்டைகளை நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். இதை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் சலிக்காமல் செய்தார்கள். அதன் பலனாக, 1966 முதல் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் புளூபேர்டின் எண்ணிக்கை ஏறுமுகமாகவே இருக்கிறது.

நம் ஊரில் நிலைமை நேர்மாறு. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைப்படி, நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. செல்போன் கோபுரம்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. (நம் வாட்ஸ்அப் குழுவில் வருடாவருடம் வரும் அந்தச் செய்தியை இனியாவது விட்டுவிடலாம்.) ஓட்டு வீட்டின் இடுக்குகள் போய்விட்டன, மளிகைக் கடை வாசலில் சிந்திக் கிடந்த தானியமும் போய்விட்டது. குஞ்சுக்கோ முதல் சில நாட்களுக்குப் புழு பூச்சிதான் தீனி. அரிசி போட்டால் போதாது. செடிகளுக்கு வாராவாரம் மருந்தடித்துவிட்டு, கூடு ஏன் காலி என்று கேட்டால் எப்படி?

ஆகவே வாசல் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் போகாத கூடாகப் பாருங்கள், மைனா நுழையாது. நேர்வெயில் படாத, பூனை எட்டாத இடத்தில், மின்விசிறிக்குத் தள்ளி மாட்டுங்கள். குஞ்சுகள் பறந்தபின் பழைய வைக்கோலை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். உங்கள் கூட்டில் முதல் வைக்கோல் தெரிந்த தேதியையும் பிளாக் எண்ணையும் குழுவில் போடுங்கள். அடுத்த இதழில் பட்டியலாக வெளியிடுகிறோம்.