ஊருக்குள் வந்த காமிரா

தமிழ்ப் படத்தைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றது எது என்று கேட்டால், நம்மில் பலரும் 1977இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ என்றே விடை கூறுவோம். அந்தத் தமிழ்க் கிராமத்தின் பெரும்பகுதி நாம் பிழைக்க வந்துள்ள இந்தக் கன்னட மண்ணில்தான் படமாக்கப்பட்டது என்பதை அறிந்தவர் சிலரே.

கொள்ளேகாலத்தையும் மைசூரையும் சுற்றியே அப்படப்பிடிப்பு பெரிதும் நடந்தது. இயக்குநர் பாரதிராஜா தேனியை அடுத்த அல்லிநகரத்தில் பிறந்தவர். தொழில் பயின்றதோ கன்னடத் திரையுலகின் மேதை புட்டண்ண கணகாலிடம். படத்தின் பரட்டையும் பெங்களூர்ப் பேருந்தில் நடத்துநராக இருந்தவரே! கொள்ளேகாலம் தாலுகா 1956 அக்டோபர் இறுதிவரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலச் சீரமைப்பில் எல்லைக்கோடு நகர்ந்தது. வயலும் வரப்பும் நகரவில்லை. ஆகவேதான் திரையில் அவ்வூரைக் கண்ட எவரும் அயலூர் என்று ஐயுறவில்லை போலும். மெதுவோட்டக் காட்சிக்கு வேண்டிய காமிராவுக்குப் பணம் போதாமையால், ஸ்ரீதேவியையே மெல்ல ஓடச் செய்து படமெடுத்தனர். வறுமை சில சமயம் நல்ல ஆசிரியன்.

அரங்கை விட்டு ஊருக்குள் புகும் வழக்கம் உலகுக்குப் புதிதன்று. இத்தாலியரான விஸ்கோன்தி 1948இல் சிசிலித் தீவின் மீனவர் ஊரொன்றில், அவ்வூராரையே நடிக்க வைத்து, அவர்கள் பேச்சிலேயே ஒரு படம் எடுத்தார். பிற பகுதி இத்தாலியருக்கு அப்பேச்சு விளங்காமையால் பொதுமொழியில் விளக்கவுரை சேர்க்க நேர்ந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தியில் ஒரு தனிச்சுவை உண்டு.

கன்னடத்தில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது 1970இல் வந்த ‘சம்ஸ்காரா’. சிருங்கேரிக்கு அருகே, துங்கை நதிக்கரையிலுள்ள வைகுந்தபுரத்தில் எடுக்கப்பட்டது. இயக்கியவர் தெலுங்குக் கவிஞர் பட்டாபிராம ரெட்டி. ஒளிப்பதிவாளர் ஆஸ்திரேலியரான டாம் கோவன். சென்னையிலிருந்த தணிக்கைக் குழு முதலில் தடை விதித்தது. தடை நீங்கியபின், அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதனையே சேர்ந்தது. அக்கிரகாரத்தின் உண்மையான திண்ணையும் தெருவும் இல்லாவிடில் அக்கதைக்கு அத்துணை வலிமை வாய்த்திராது என்பது நம் துணிபு.

இராமநகரத்தில் நடந்ததோ வேறு. ‘ஷோலே’ படத்துக்காக 1973 முதல் அக்குன்றுகளின் அடியில் ஒரு முழு ஊரையே எழுப்பினர். நெடுஞ்சாலையிலிருந்து அங்கே செல்லப் பாதையும் போட்டனர். சுற்றுவட்டார மக்கள் பலர் வேலைக்கும் கூட்டத்தில் நிற்பதற்கும் சென்றனர். இத்தகையோரின் பெயர்கள் படத்தின் பெயர்ப் பட்டியலில் ஏறுவது அரிது. கதாநாயகன் எறிந்த கல்லின் பெயரைக்கூட ஊர் நினைவில் வைத்திருக்கும்; கூட்டத்தில் நின்ற தாத்தாவை அவர் பேரன் மட்டுமே திரையில் தேடிக் கண்டுபிடிப்பான். 1975 ஆகஸ்டு 15இல் படம் வெளியாயிற்று. கட்டிய ஊர் பின்னர்க் கலைக்கப்பட்டது. இயக்குநர் ரமேஷ் சிப்பியின் பெயரால் ‘சிப்பி நகர்’ என்னும் வழக்கு மாத்திரம் மக்கள் வாயில் நின்றது. அக்குன்றுகளில் ஒன்றான இராமதேவர பெட்டாவின் செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டும் பாறு கழுகுகளுக்காக, 2012இல் அவ்விடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.