பிதாவுக்கும் ‘விச்’ போட்ட காலம்

மனிதர்களுக்கு ‘ஹூ’, பொருள்களுக்கு ‘விச்’ என்று ஆங்கில வகுப்பில் நடத்தும்போதெல்லாம் 1611-இல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுவேன். பரமண்டல ஜெபத்தில் பிதாவுக்கே அங்கே ‘விச்’தான். மரியாதைக் குறைவெல்லாம் இல்லை; அன்றைய ஆங்கிலத்தில் ஆளுக்கும் பொருளுக்கும் அது பொது. வெகுகாலம் கேள்வி கேட்கவே பயன்பட்ட ‘ஹூ’, பிறகுதான் ஆட்களைச் சுட்டும் வேலைக்கு வந்து ‘விச்’சை மெல்ல நகர்த்தியது.

1711-இல் ரிச்சர்ட் ஸ்டீல் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில், தங்கள் இடத்தை ‘தட்’ பறித்துக்கொண்டதாக ‘ஹூ’வும் ‘விச்’சும் மனு கொடுப்பதுபோல் எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை. ஆனால் ஆளையும் பொருளையும் சுட்டும் இந்த வேலையில் ‘தட்’தான் மூத்தது. பரமண்டல ஜெபத்திலோ, 1789-இல் அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையின் ஜெபப் புத்தகம் பிதாவுக்கு ‘ஹூ’ போட்டது. ஆனாலும் பேச்சில் ஆட்களுக்கு ‘தட்’ இன்றும் சரளமாக வருகிறது. விடைத்தாளில் அதை நான் சிவப்பு மையில் வட்டமிடுவதில்லை.