ஒரே முற்றம்

காலை மணி ஒலித்ததும் நம் கத்தோலிக்கப் பள்ளி முற்றத்தில் மாணவரும் மாணவியரும் ஒருங்கே நின்று செபிக்கின்றனர். வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் வாழும் நமக்கு இது பழகிய காட்சி. ஆயினும் அதன் பின்னே நெடிய போராட்டம் உண்டு.

அக்காலத்தில் கோவில் நடனமாதரே பெரும்பாலும் எழுத்தறிந்திருந்தனர். ஆதலால் குடும்பப் பெண்ணுக்குக் கல்வி இழுக்கென்று ஊரார் எண்ணினர். 1844இல் ஆயர் பொன்னான் புதுவையில் கூட்டிய மாமன்றம் கல்விப் பணியை வலியுறுத்தியது. அதே ஆண்டில் துப்புயி அடிகளார், பெண்களுக்குக் கல்வி புகட்டவென்றே தமிழ்ப் பெண்களைக் கொண்டு மரியாவின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சபையை நிறுவினார். பழியைப் பொருட்படுத்தாது முன்வந்த அப்பெண்களே நம் முதல் ஆசிரியைகள்.

குருக்களும் கன்னியரும் பள்ளியைத் திறக்கலாம். மகளை அதற்கு அனுப்ப வேண்டியவர்கள் பெற்றோரே. இதனை உணர்ந்தே, பொதுநிலையினரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1869இல் பெண்மதி மாலையை வெளியிட்டுப் பெண்கல்விக்காக வாதாடினார்.

பெண்களுக்கான தனிப்பள்ளிகளில் தொடங்கிய பயணம் இன்று பொதுமுற்றத்தை எட்டியுள்ளது. எனினும் பணம் குறையும்போது நம் இல்லங்களில் முதலில் நிறுத்தப்படுவது யாருடைய படிப்பு? பள்ளியில் ஒன்றாய் நிற்கும் நம் பிள்ளைகளை வீட்டு வாசலில் நாம் பிரிக்காதிருப்போமாக.