பத்தாயிரம் ஸ்டெப்ஸ்: இந்தக் கணக்கு எங்கிருந்து வந்துச்சு?

1/ "டாக்டர், தினமும் பத்தாயிரம் ஸ்டெப்ஸ் போக முடியல. அதான் வாக்கிங்கையே விட்டுட்டேன்." ஓபியில் இதைக் கேட்காத வாரம் இல்லை. போன்லயும் வாட்ச்லயும் ஏறி உட்கார்ந்திருக்கிற இந்த 10,000-ஐ முதல்ல எழுதிக் கொடுத்தது எந்த டாக்டர்னு நினைக்கிறீங்க? வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். நீளமான திரெட், பொறுமையா படிங்க.

2/ 1964-ல டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. ஜப்பான் முழுக்க உடற்பயிற்சி பற்றிய பேச்சு. அடுத்த வருஷமே, 1965-ல, யமாசா என்கிற ஜப்பானியக் கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நடக்கிற அடிகளை எண்ணும் கருவி. அதோட பெயர் 'மான்போகே'.

3/ ஜப்பானிய மொழியில் 'மான்' என்றால் பத்தாயிரம், 'போ' என்றால் அடி, 'கே' என்றால் மீட்டர். அதாவது 'பத்தாயிரம் அடி மீட்டர்'. (நம்ம 'போ'வுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. ஞாபகம் வெச்சுக்க வசதி, அவ்வளவுதான்.) அங்கிருந்த நடைப்பயிற்சிக் குழுக்கள் இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்படியே உலகம் சுற்றி இன்னைக்கு உங்க மணிக்கட்டுக்கு வந்திருக்கு.

4/ பத்தாயிரம் நடப்பது கெட்டதா? இல்லவே இல்லை. முடிஞ்சா தாராளமா நடங்க. ஆனா 'பத்தாயிரத்துக்குக் கீழ போனா பலன் இல்லை' என்று எந்த ஆய்வும் சொல்லி இந்த எண் பிறக்கலை. வாயில் சுலபமா நுழையுற, விளம்பரத்துக்குத் தோதான ஒரு முழு எண். அவ்வளவே.

5/ அப்போ உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை நிஜமா அளந்து காட்டியது யார்? அதுக்கு லண்டன் போகணும். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மாரடைப்பு ஏன் இவ்வளவு கூடுதுன்னு தேடினவர். அவர் பரிசோதனைக்கூடமா எடுத்துக்கிட்டது லண்டன் மாடி பஸ்களை.

6/ ஒரே பஸ், ஒரே நிர்வாகம், ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்க்கை. ஆனா டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கார். கண்டக்டரோ டிக்கெட் போட மாடிப்படி ஏறி இறங்குகிறார், ஒரு நாளைக்கு 500-லிருந்து 750 படி. 35-லிருந்து 64 வயது வரையுள்ள சுமார் 31,000 ஆண் ஊழியர்களின் விவரங்களைச் சேர்த்தார்கள்.

7/ 1953-ல லான்செட் இதழில் முடிவு வந்தது. டிரைவர்களைவிட கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் வயசு கூடித்தான் வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோவதும் குறைவு. தபால் துறையிலும் இதே கதைதான்: நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுத்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு, மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு அதிகம்.

8/ எனக்கு மாரிஸ்கிட்ட ரொம்பப் பிடிச்சது இதுக்கு அப்புறம் நடந்தது. 'ஒருவேளை குண்டா இருக்கிறவங்கதான் டிரைவர் வேலைக்கே வர்றாங்களோ?' என்ற சந்தேகம் வந்தது. அவரும் கூட வேலை பார்த்தவர்களும் ஊழியர்களுக்குத் தைத்த யூனிஃபார்ம் அளவுகளைத் தோண்டி எடுத்தார்கள். பார்த்தால், டிரைவர்களுக்கு இளம் வயசிலிருந்தே இடுப்பளவு கூடுதல்! 1956-ல அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

9/ அதாவது வித்தியாசம் முழுவதையும் மாடிப்படியின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. ஆனா அதுக்குப் பிறகு பல நாடுகளில், பல தொழில்களில் வந்த ஆய்வுகள் அடிப்படைக் கருத்தை உறுதி செய்தன: உடம்பை அசைக்கிறவர்களுக்கு இதய நோய் குறைவு. மாரிஸ் 2009-ல காலமானார். அப்போ அவருக்கு வயசு 99.

10/ சரி, எத்தனை அடி நடக்கணும்? 2019-ல ஐ-மின் லீ தலைமையில் ஹார்வர்டு குழு ஒன்று, சராசரி 72 வயதுள்ள 16,741 அமெரிக்கப் பெண்களுக்கு அடி எண்ணும் கருவி கொடுத்து, நான்கு வருஷத்துக்கு மேல் கவனித்தது. ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41% குறைவு. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிசாத் தெரியலை.

11/ இங்கேயும் அந்த யூனிஃபார்ம் கேள்வியை மறக்கக் கூடாது. உடம்பு முடியாதவர்கள் குறைவாத்தான் நடப்பாங்க, அதனால முழுப் பெருமையும் நடைக்குச் சேராது. ஆனா 15 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2022-ல வந்த அலசலும் இதையேதான் காட்டியது: 60 வயசுக்கு மேல் 6,000-8,000 அடி, அதுக்குக் கீழே 8,000-10,000 அடி வரை பலன் ஏறிக்கிட்டே போகுது. பிறகு சமமாகுது.

12/ கவனிங்க. அதிகமா லாபம் பார்க்கிறது 9,000-லிருந்து 10,000-க்குப் போறவர் இல்லை. 2,000-லிருந்து 4,000-க்குப் போறவர்தான். முழங்கால் வலியோட இருக்கிற அம்மாவும், ஷிஃப்ட் முடிச்சு களைச்சு வர்ற அப்பாவும், 'பத்தாயிரம் முடியாது'ன்னு சோபாவில் உட்கார்ந்துட்டா இழக்கிறது அந்த லாபத்தைத்தான்.

13/ இதோட மறுபக்கமும் உண்டு. 'இன்னைக்குப் பத்தாயிரம் முடிச்சாச்சு, ஒரு பிளேட் வடை சாப்பிடலாம்.' அரை மணி நேர நடையில் செலவானதை ரெண்டு வடை திருப்பிக் கொடுத்துடும். நடை இதயத்துக்கும், சர்க்கரைக்கும், தூக்கத்துக்கும், மனசுக்கும் நல்லது. ஆனா உடல் எடை பெரும்பாலும் தட்டில்தான் முடிவாகுது. ரெண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் கழிக்காதீங்க.

14/ என்ன செய்யலாம்? இன்னைக்கு எத்தனை அடி நடக்கிறீங்கன்னு பாருங்க, அதோட ஆயிரம் கூட்டுங்க. பழகினதும் இன்னொரு ஆயிரம். சர்க்கரை உள்ளவங்க வெறுங்காலோட நடக்காதீங்க, தினமும் பாதத்தைப் பாருங்க. நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. 'கேஸா இருக்கும்'னு வீட்டிலேயே காத்திருக்க வேண்டாம்.

15/ அந்த லண்டன் கண்டக்டர்கள் யாரும் அடியை எண்ணலை. டிக்கெட் போடப் படி ஏறினாங்க, இறங்கினாங்க. வாட்சில் 10,000 வரலைன்னு வாக்கிங்கை விட்ட ஒருத்தர் உங்க வீட்டிலும் இருப்பார். இதை அவருக்கு அனுப்புங்க. முடிஞ்சா கூடவே நாளைக்குத் தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வாங்க.